அண்ணனுக்குப் பார்த்த பரிசோதனை

மரபணு ஆலோசனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உற்சாகம் என்னிடம் கொஞ்சம் குறைவு. பணியில் இருந்த காலம் முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும், யாரிடமோ எதையோ கேட்காமல் அனுப்பிவிட்டோமே என்று காலையில் எழுந்ததும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "உனக்குப் பென்ஷனோட சேத்து பயத்தையும் குடுத்து அனுப்பிட்டாங்க" என்று என் கணவர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது அந்தப் பயம்தான்.

வார்டு நர்ஸாக இருந்த என்னைப் பயிற்சிக்கு அனுப்பி, 'மரபணு ஆலோசனை' என்று பலகை மாட்டிய அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஜன்னல் இல்லாத அறை. அதற்கு முன்பு உடைந்த சக்கர நாற்காலிகளை அங்கே போட்டு வைத்திருந்தார்கள். பலகையைப் பார்த்துவிட்டு, அழகுக்கலை ஆலோசனை போல ஏதோ ஒன்று என்று நினைத்துக் கடந்து போனவர்களும் உண்டு.

அந்தச் சமயத்தில் எங்கள் மருத்துவமனையில் ஒரு ஆராய்ச்சி முடிந்து, அன்றாட சிகிச்சைக்குள் வந்துகொண்டிருந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் பழைய மாத்திரை ஒன்று உங்களுக்குத் தெரியும். நல்ல மாத்திரைதான். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஜீன் வகை உடம்பில் இருப்பவர்களில் சிலருக்கு அது சுத்தமாக ஆகாது. காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண் என்று ஆரம்பிக்கும். பிறகு தோல் வெந்தது போல உரிந்து வரும். பார்வை போகலாம், உயிரும் போகலாம். மாத்திரையைத் தொடங்கும் முன்பே ரத்தத்தில் அந்த ஜீன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

ஆராய்ச்சியாக இருந்தவரை எனக்குத் தூக்கம் கெட்டதில்லை. ரத்தம் குழாயில் வரும், எண் ஒட்டுவார்கள், முடிவு கணினிக்குள் போய்ச் சேரும். சிகிச்சையாக மாறிய பிறகு முடிவு நோயாளியோடு மருத்துவமனை வாசலில், கோரிமேட்டில் பஸ் ஏறிப் போய்விடுகிறது. போன இடத்தில் அது என்ன செய்கிறது என்று நமக்குத் தெரிவதில்லை. என் பயம் அங்கேதான் தொடங்கியது.

ரியாஸ் என்ற பையன் அப்படி வந்தவன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் அவனுடைய அப்பா, அவர்கள் வழக்கில் அத்தா, மெத்தை தைக்கும் கடை வைத்திருந்தார். இவனும் அத்தாவோடு கடையில் உட்கார்வான். வலிப்பு வர ஆரம்பித்ததும் அம்மா மும்தாஜ் அவனை எங்களிடம் கூட்டிவந்தார். வீட்டில் யார் யார், யாருக்கு என்ன நோய் என்று காட்டும் குடும்பப் படத்தை வழக்கம்போல வரைந்தேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். ஒரு பையன், ஒரு பெண்; பெண் பர்வீனை இதே ஊரில் சாரம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம், மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை பார்க்கிறார் என்றார். பையனுக்கு ஒரு சதுரம், பெண்ணுக்கு ஒரு வட்டம் போட்டேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் உண்டா என்றதற்கு இல்லை என்றார்.

பரிசோதனை முடிவு நல்லபடியாக வந்தது. ரியாஸுக்கு அந்த ஜீன் இல்லை. "தாராளமா இந்த மாத்திரையச் சாப்பிடலாம். ஒடம்புல எதாவது தடிப்பு வந்தா மட்டும் உடனே வாங்க" என்றேன். ஜீன் என்பது குடும்பத்தில் வழிவழியாக வருவது என்பதையும் பொறுமையாக விளக்கினேன். மும்தாஜ் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். விளக்குவதைக் கவனமாகக் கேட்கிறவர்கள் குறைவு என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

சில மாதங்கள் கழித்து, ரமலானில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, இருவரும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். ரியாஸுக்கு வலிப்பு நின்றிருந்தது. ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிறது என்று அவன் முன்னால் ஓடிவிட்டான். மும்தாஜ் கதவருகே நின்று, "அல்லா ஒங்களுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான் சிஸ்டர். ஒங்களால ரெண்டு பேரும் நிம்மதியா இருக்காங்க" என்றார். "சரிம்மா, போய்ட்டு வாங்க" என்றேன். அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அடுத்து வந்தவர் மேற்கே ஒரு கிராமத்து விவசாயி. அவருடைய அண்ணனுக்கு வந்த நோயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில்தான் மும்தாஜ் சொன்னது எனக்கு உறைத்தது. ரெண்டு பேரா? எந்த ரெண்டு பேர்?

ரியாஸின் கோப்பை எடுத்துப் பார்த்தேன். சதுரமும் வட்டமும் நான் போட்டபடியே இருந்தன. வட்டத்தில் நோய்க்கான அடையாளம் எதுவும் இல்லை. பக்கத்து மேஜையில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "அவங்க வீட்டுக்காரரச் சொல்லிருப்பாங்க சிஸ்டர். புள்ளைக்கு சரியானா அப்பாவும் நிம்மதியாதான இருப்பாரு?" என்றாள். நியாயமான பேச்சுதான். எனக்கு அது போதவில்லை; பரிசோதிக்காத பர்வீனும் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறாளோ என்று தோன்றியது. கோப்பில் இருந்த ஒரே நம்பர் அத்தாவுடையது. தொழுகை நேரம், போன் அணைந்திருந்தது.

எங்கள் துறைக்குத் தலைவியாக ஒரு டாக்டரம்மா இருந்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். தேநீர் கொண்டுவருகிறவருக்குக்கூடப் பிரெஞ்சில் நன்றியாக ஒரு மெர்சி சொல்லாமல் விடமாட்டார். எங்களை மட்டும் விரட்டியே வேலை வாங்குவார். அவரிடம் ஓடினேன். வாசல்வரை கூட்டம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒனக்கு சந்தேகமா, பயமா?"

"பயம்தான் மேடம்."

"சந்தேகம்னா போன் பண்ணிட்டுக் காத்திருக்கலாம். பயம்னா நேர்ல போ. நீ வந்துட்டு இன்னும் நின்னுட்டே இருக்கியே."

அந்த விவசாயியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "இன்னா சிஸ்டர், மொத பஸ்ஸுக்கு வந்து உக்காந்திருக்கேன்" என்று அவர் கோபப்பட்டதில் தவறே இல்லை. ஒரு சொல்லை நம்பி ஒரு நோயாளியை விட்டுவிட்டு இன்னொருவரைத் தேடிப் போகிறோமே, அது வெறும் பிரமையாக இருந்தால் இவருக்கு என்ன பதில் சொல்வது என்று ஆட்டோவில் ஏறிய பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது.

போகிற வழியில் என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். பர்வீனும் அந்த மாத்திரையைச் சாப்பிட்டால்தான் என்ன, எல்லோருக்குமா ஆகாமல் போகிறது? பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் நான் வார்டில் வேலை பார்த்தபோது அப்படித் தோல் உரிந்த ஒரு பெண்ணைப் பக்கத்தில் இருந்து கவனித்திருக்கிறேன். போர்வைகூட மேலே படக் கூடாது என்று கெஞ்சுவாள். அவள் முகம் நினைவுக்கு வந்ததும் என் சமாதானம் எதுவும் நிற்கவில்லை.

மெத்தைக் கடை பூட்டியிருந்தது. பள்ளிவாசல் தெருமுனையில் போய் நின்றேன். தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வர ஆரம்பித்தது. கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டையோடு ஒரு பெண் அங்கே நின்றால் நாலு பேர் பார்ப்பார்கள். யாருக்கு என்ன நோய் என்று பேச்சுக் கிளம்பும். அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இவ்வளவு பதற்றத்திலும் அது தோன்றியதே என்று பிற்பாடு எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

ரியாஸ் வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னா சிஸ்டர், என் ரிசல்ட்டு எதாவது மாறிப்போச்சா?"

"ஒனக்கு ஒண்ணும் இல்ல. ஒன் தங்கச்சி எதாவது மாத்திர சாப்புடுறாளா?"

"பர்வீனா? ஆமா, அவளும் என் மாத்திரதான். இப்ப கொஞ்ச நாளாத்தான்."

போன் போடச் சொன்னேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. "நோன்பு வெச்சிருக்கா, தூங்குவா" என்றான். "வாங்க, என் பைக்லயே போய்டலாம்."

"வலிப்பு இருக்கவன் பைக் ஓட்டக் கூடாதுன்னு ஒனக்கு எத்தன தடவடா சொல்றது?" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். அடையாள அட்டையை ஒளித்துவைத்த அதே ஆள்தான். நல்லவேளையாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோ பிடித்தோம். சற்று முன்பு சாரத்தைத் தாண்டித்தான் நான் டவுனுக்கு வந்திருந்தேன். இப்போது வந்த வழியே திரும்ப வேண்டும், வெள்ளிக்கிழமை நெரிசலில்.

ஆட்டோவில் கேட்டேன். "பர்வீனுக்கு வலிப்புன்னு அம்மா சொல்லவே இல்லையே?"

"அது வியாதி இல்ல சிஸ்டர். வண்டிலேர்ந்து விழுந்து தலைல அடிபட்டதால வந்தது. நீங்க குடும்பத்துல நோய் இருக்கான்னுதான கேட்டீங்க?"

"இந்த மாத்திரைய யாரு எழுதிக் குடுத்தது?"

"அவ ரொம்ப நாளா பாக்குற டாக்டருதான். மொதல்ல சாப்புட்ட மாத்திரைல ஒடம்பு போடுதுன்னு அழுதா. மாத்தலாம், ஆனா ஜீன் டெஸ்ட்டு பண்ணிட்டு வாங்கன்னாரு. அம்மா கூடப் போயிருந்தாங்க. அதெல்லாம் பண்ணியாச்சு சார், எங்க வீட்டுக்கு ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சுன்னாங்க."

"அது ஒனக்குப் பண்ணதுடா!"

"குடும்பத்துல வர்றதுன்னு நீங்கதான சிஸ்டர் சொன்னீங்க? எனக்கு இல்லன்னா அவளுக்கும் இல்லதான?"

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அந்த டாக்டர் பரிசோதனை கேட்டதும் சரி. மும்தாஜ் மனமறிந்து பொய் சொல்லவில்லை. எல்லோரும் சரியாக நடந்துகொண்டும் ஒரு பெண் தப்பான மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம் என்பது என்னை உலுக்கிவிட்டது. யாராவது தவறு செய்திருந்தால் அவரைத் திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். இங்கே திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

"கூடப் பொறந்தவளா இருந்தாலும் ஒனக்கு இல்லங்கறதால அவளுக்கும் இல்லன்னு ஆவாது ரியாஸ்" என்றேன்.

அவன் ஆட்டோ கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினான். பிறகு, "கூடப் பொறக்கல சிஸ்டர்" என்றான்.

பர்வீன் பக்கத்து வீட்டில் பிறந்தவள். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டார். அப்போது ரியாஸ் பால்குடி மறக்காத குழந்தை. மும்தாஜ் ஒரு பக்கம் அவனையும் மறுபக்கம் அவளையும் போட்டுப் பால் கொடுத்து வளர்த்திருக்கிறார். அவர்கள் மார்க்கத்தில் ஒரு தாயிடம் பால் குடித்தவர்கள் அண்ணன் தங்கைதான். ஒருவரை ஒருவர் கல்யாணம்கூடச் செய்துகொள்ள முடியாது. அதனால் எத்தனை பிள்ளைகள் என்று நான் கேட்டபோது மும்தாஜ் யோசிக்கவே இல்லை. நானும் யோசிக்காமல் வட்டம் போட்டேன். ரியாஸின் ரத்தத்தில் பார்த்த முடிவுக்கும் பர்வீனுக்கும் எள்ளளவும் சம்பந்தம் கிடையாது.

சாரத்தில் அந்த வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. மும்தாஜ் மருத்துவமனையிலிருந்து வரும் வழியிலேயே அங்கே இறங்கி, நோன்புக் கஞ்சிக்கு அடுப்பு மூட்டியிருந்தார். பர்வீன் உள்ளே பாயில் படுத்திருந்தாள். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. உதடு வெடித்திருந்தது. கழுத்துக்குக் கீழே சிவப்புத் திட்டுகள்.

"நேத்துலேர்ந்து காய்ச்சலாம் சிஸ்டர், இங்க வந்துதான் எனக்கே தெரிஞ்சுது. தண்ணி குடிக்காததால வாயெல்லாம் புண்ணாயிருக்கு. விடியக்காலைல சஹர் சாப்புடறப்ப ஒண்ணு போட்டாளாம். நோன்பு தொறந்ததும் அடுத்த மாத்திரையப் போட்டுட்டா சரியாய்டும்" என்றார் மும்தாஜ். பேரீச்சம்பழத் தட்டின் ஓரத்தில் அந்த மாத்திரை அட்டை இருந்தது.

நான் அதை எடுத்துக்கொண்டேன்.

இப்போது உங்களில் யாராவது அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள்? மாத்திரையை நிறுத்து என்று சொல்வது சுலபம். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், நின்றுபோன வலிப்பு விடாமல் திரும்பி வரலாம். அதுவும் உயிருக்கு ஆபத்துதான். நான் டாக்டர் இல்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார். கண், உதடு, கழுத்து என்று பார்த்ததை வரிசையாகச் சொன்னேன்.

"நிறுத்து. ஒரு மாத்திரைகூட இனிமே உள்ள போகக் கூடாது. இப்பவே கூட்டிட்டு வா. வலிப்பு வந்தா தடுக்க வேற மருந்து வெச்சிருக்கேன். தோலு போச்சுன்னா திருப்பிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

பர்வீன் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "நோன்பு தொறந்துட்டுப் போலாமே சிஸ்டர். இன்னும் சில மணி நேரந்தான இருக்கு?" என்றாள். அவ்வளவு சின்ன ஆசையை எப்படி மறுப்பது? காத்திருக்க முடியாது என்பதைப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது? நான் தடுமாறிக்கொண்டிருந்தபோதே மும்தாஜ் டம்ளரில் தண்ணீர் எடுத்துவந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"குடி புள்ள. ஒடம்பு முடியாதவளுக்கு நோன்பு இல்ல. அல்லா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அவள் குடித்தாள். வெடித்த உதட்டில் தண்ணீர் பட்டதும் முகம் சுருங்கியது. அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினோம். ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும், இப்போது வலிப்பு வந்துவிடுமோ என்று அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோரிமேடு அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதன் பிறகான நாட்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மார்பிலும் முதுகிலும் தோல் கொப்பளித்து உரிந்தது. கண் டாக்டர்கள் அடிக்கடி வந்து இமைகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டார்கள். அத்தா வராந்தாவில் தஸ்பீஹ் மணியை உருட்டியபடி உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார், எதுவும் கேட்க மாட்டார். கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். காலையில் வார்டுக்குள் நுழையும்போது அவள் படுக்கை காலியாக இருக்குமோ என்று பயந்து, வாசலிலேயே நின்று நர்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். நோன்புப் பெருநாளுக்கு அவள் மருத்துவமனையில்தான் இருந்தாள். அன்றுதான் முதன்முறையாகக் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். பிழைத்துக்கொண்டாள். பார்வையும் தப்பியது. கண்ணில் ஈரம் மட்டும் குறைந்துவிட்டது. சொட்டு மருந்து விடாமல் போட வேண்டும்.

அதற்குப் பிறகு என் அறைக்கு வந்தவர்களிடம் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொண்டேன். உங்கள் வீட்டில் வேறு யார் இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறார்கள்? இந்த முடிவை யாரிடமெல்லாம் சொல்லப்போகிறீர்கள்? உங்கள் கணினியில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. கட்டம் வரும்வரை வாயால் கேளுங்கள். முடிவு நல்லதாக வந்தால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். கெட்ட முடிவை ஜனங்கள் பூட்டி வைப்பார்கள். நல்ல முடிவை ஊருக்கே பகிர்ந்து கொடுப்பார்கள்.

பர்வீனின் ரத்தத்தையும் பரிசோதித்தோம். அந்த ஜீன் இருந்தது. அவளைப் பெற்ற தாயின் வழியிலும் தகப்பன் வழியிலும் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று அவளிடம் விளக்கினேன். அவள் மும்தாஜைப் பார்த்தாள். அவர் அவள் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நான் வெளியே வந்ததும் பின்னாலேயே வந்து வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? அவ்ளோ நாளு குடிச்சாளே. என் பாலு அவ ஒடம்புல ஒண்ணுமே செய்யலயா? என் புள்ளைக்கு இருக்கற பாதுகாப்பு இவளுக்குக் கொஞ்சம்கூடப் போய்ச் சேரலயா?"

பால் ஜீனை மாற்றாது. புத்தகத்தில் இருக்கும் பதில் அதுதான், சரியான பதிலும் அதுதான். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு நகர என்னால் முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

"ஜீனு பால்ல வராதும்மா. ஆனா அன்னிக்கு என் கதவுகிட்ட நின்னு ஒரு பேரச் சொல்லாம ரெண்டு பேரும்னு சொன்னீங்கல்ல? நீங்க அவள வேத்து ஆளா நெனச்சிருந்தா அது ஒங்க வாயில வந்திருக்காது. எனக்கும் தெரிஞ்சிருக்காது. அவளக் காப்பாத்துனது அதுதாம்மா."

அவர் முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து போடும் நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார்.